அடிக்கும் நொடியில் உன் கேடயம் எங்கே இருக்கிறது?

அன்புத் தங்கைக்கு,

ஃபோம் வாளும் கேடயமும் வைத்து மோதும் நம் டாகோர்ஹிர் ஆட்டத்தில் நீ ஆடிய ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "கை வேகம் போதவில்லை அக்கா, அதனால்தான் தோற்கிறேன்" என்று எழுதியிருந்தாய். உன் கை வேகம் போதும். நீயும் ஒரு தடவை நிறுத்திப் பார். நீ தடுத்துக்கொண்டு நிற்கும்போது அடி வாங்குவது குறைவு. நீ வாளை வீசும்போதுதான் அடி விழுகிறது. உன் வாள் எதிராளியின் தோளை நோக்கிக் கிளம்புகிறது, அதே நேரத்தில் இடது கை கேடயத்தோடு பின்னால் போகிறது. அந்த இடைவெளியில் அவர் வாள் உன் விலாவில் இறங்குகிறது.

ஒரு பக்கத்து இடுப்பை முன்னே திருப்பினால் மறுபக்கத்துத் தோள் பின்வாங்கும். உடம்பின் இயல்பே அது. அனுபவம் உள்ளவர்கள் அந்தத் திறப்புக்காகவே காத்திருப்பார்கள். சிலர் வேண்டுமென்றே தோளைக் காட்டி உன்னை அடிக்கக் கூப்பிடுவார்கள். ஆகவே இந்தக் கடிதம் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்: அடிக்கும்போது கேடயத்தை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கப் பழகு. மற்ற வித்தைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் வெகேசியஸ் என்பவர் படைப் பயிற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், வழக்கமானதைப் போல இரு மடங்கு எடையுள்ள பிரம்புக் கேடயத்தையும் மரவாளையும் கொடுத்து, தரைக்கு மேல் ஆறடி நிற்கும் கம்பத்தை எதிரியாக நினைத்துத் தாக்கச் சொல்வார்களாம். அதில் அவர் வலியுறுத்துவது அடியின் பலத்தை அல்ல. எதிரியைக் காயப்படுத்த முன்னேறும்போது உன் உடம்பில் காயத்துக்கு இடம் கொடுக்காதே என்பதைத்தான். வெட்டுவதைவிடக் குத்துவது மேல் என்று ரோமர்கள் நினைத்ததற்கும் அவர் இதே காரணத்தைத்தான் சொல்கிறார். வெட்டக் கை ஓங்கினால் வலது கையும் விலாவும் திறந்துவிடும். நம் கையில் இருப்பது ஃபைபர்கிளாஸ் தண்டில் ஃபோம் சுற்றிய வாள்தான். ஆனாலும் தோளும் விலாவும் அன்றைக்கு இருந்த மாதிரிதானே இருக்கின்றன!

அடுத்து, கேடயத்தை எங்கே பிடிப்பது? நீ யூடியூபில் பார்த்து அதைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடிக்கிறாய். அந்த வீடியோக்களில் பாதி எஸ்.சி.ஏ.காரர்களுடையவை. 1966-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையையும் போர்முறையையும் திரும்ப நடத்திப் பார்க்கும் அமைப்பு அது (Society for Creative Anachronism). அவர்கள் பிரம்பு வாளோடு, உலோகத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுகிறார்கள். தலையில் அடிக்கலாம், முழங்காலுக்குக் கீழே அடிக்கக்கூடாது. அந்த விதிக்குக் கேடயத்தை உயர்த்துவது சரி. 1977-ல் இதே மேரிலாண்ட் பக்கம் தொடங்கிய நம் டாகோர்ஹிர் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். கையில் பிடித்த ஆயுதத்தால் தலையில் அடிக்கக்கூடாது, கெண்டைக்கால் வரைக்கும் அடி செல்லும். தலையைக் காப்பாற்றத் தூக்கிய கேடயம் இங்கே தொடையைத் தாரை வார்க்கிறது. எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் அது எந்த விதியில் ஆடும் ஆட்டம் என்று பார்த்துக்கொள்.

உன் உயரத்துக்கு மேல்விளிம்பு தோள்பட்டை மட்டத்தில் இருந்தால் போதும். முழங்கை விலாவில் ஒட்ட வேண்டாம், முழுக்க நீட்டவும் வேண்டாம். உடம்பிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் தள்ளி இருக்கட்டும். கேடயம் எதிராளிக்குக் கிட்டே இருந்தால் அவர் பார்வையில் உன் உடம்பில் அதிகப் பகுதி மறையும். அடியைத் தடுக்க நீ அதைக் கொஞ்சம் அசைத்தாலே போதும். அடி வந்த பக்கம் எல்லாம் கதவு மாதிரி திறந்து மூடாதே. ஒரு அடியைத் தடுக்க விளிம்பு நாலு விரல்கடைக்கு மேல் நகர வேண்டியிருந்தால், நீ நின்ற இடமோ பிடித்த கோணமோ ஏற்கெனவே தவறு.

கால் அடியைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். நம் ஆட்டத்தில் காலில் பட்டால் மண்டியிட வேண்டும், பிறகு ஓட முடியாது. அதனால் எல்லோரும் முதலில் காலைத்தான் தேடுவார்கள். காலைக் காக்கக் கேடயத்தைக் கீழே இறக்குவதுதான் உன்னிடம் நான் பார்க்கும் இரண்டாவது பழக்கம். அது இறங்கியதும் தோள் காலி. கீழே காட்டி மேலே அடிக்கிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். அதற்குப் பதிலாகக் காலைப் பின்னால் எடு. உயரம் குறைய வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உடம்போடு சேர்ந்து இறங்கு. அப்போது கேடயமும் கூடவே இறங்கும், தோளும் அதன் நிழலிலேயே இருக்கும்.

இதில் உனக்கு ஒரு லாபமும் உண்டு. ஒருவர் கையை நேராகத் தோள் மட்டத்தில் நீட்டினால்தான் அவருடைய வாள் எட்டும் தூரம் அதிகம். காலை அடிக்கக் கையைச் சாய்க்கும்போது அந்தத் தூரம் குறைந்துவிடும். நீ காலை எடுத்ததும் அவர் வாள் காற்றில் போகும். அவருடைய வலது தோளோ முன்னால் குனிந்து உன் வாளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். உன்னைவிட உயரமானவர்களிடம் இது இன்னும் நன்றாகப் பலிக்கும், ஏனென்றால் அவர்கள் அதிகம் குனிய வேண்டும். கால் பின்னால் போவதும் வாள் முன்னால் போவதும் ஒரே அசைவாக வரும் வரைக்கும் இதைப் பழகு. குள்ளமாக இருப்பதால் தோற்கிறேன் என்று இனி என்னிடம் சொல்லாதே!

நிற்கும் முறையில் உன்னிடம் பெரிய குறை இல்லை. கேடயக் கால் முன்னே, குதிகால் லேசாக, காலைக் குறுக்கே வைக்காமல் நகர்கிறாய். சரி. ஆனால் அடிக்கும்போது தோளிலிருந்து மட்டும் அடிக்கிறாய். நம் ஆட்டத்தில் மெல்லத் தொட்டால் செல்லாது, போதுமான பலத்தோடு பட வேண்டும். 1983-ல் டெக்சாஸின் எல் பாசோவில் தொடங்கிய ஆம்ட்கார்ட் என்ற இன்னொரு ஃபோம் வாள் ஆட்டத்தில் இந்தப் பலக் கணக்கு கிடையாது, பட்டாலே போதும். அங்கே ஆடிப் பழகியவர்கள் நம் மைதானத்துக்கு வந்தால் முதலில் திணறுவது இதனால்தான். பலத்துக்காக நீ கையைப் பின்னால் ஓங்குகிறாய், ஓங்கியதும் கேடயம் திறக்கிறது. பலம் இடுப்பிலிருந்து வரட்டும். பின்னங்கால் தரையைத் தள்ள, இடுப்பு கொஞ்சம் திரும்ப, முழங்கை முன்னே போக, மணிக்கட்டு கடைசியில் சுண்ட வேண்டும். விரல்களை வாள் படும் நேரத்தில் மட்டும் இறுக்கு. எப்போதும் இறுக்கிப் பிடித்தால் வேகமும் போகும், சில மாதத்தில் முழங்கை வலியும் வரும்.

இடுப்பு திரும்பினால் கேடயமும் திரும்புமே என்று கேட்பாய். திரும்பத்தான் செய்யும். அதனால்தான் இடது முழங்கையை இடுப்போடு சேர்ந்து போக விடாமல், இருந்த இடத்திலேயே நிறுத்தப் பழக வேண்டும். இது சொல்லிப் புரிகிற காரியம் இல்லை, கம்பத்தில் பழகினால்தான் வரும். கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, பழைய யோகா பாயைச் சுற்றிக் கட்டு. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு அடி அடி. வாளைப் பார்க்காதே, கேடயம் பிடித்த இடது கை முட்டியைப் பார். அது அசைந்தால் அந்த அடி கணக்கில் இல்லை. அடித்ததும் வாள் வந்த வழியே, அல்லது அடுத்த அடிக்கான வழியே, உடனே தோளுக்கு மேலே திரும்ப வேண்டும். அடித்த இடத்திலேயே வாளை விட்டுவிட்டு "பட்டதா?" என்று பார்க்கிறாயே, அந்த நொடியில்தான் உன் கையைப் பறிகொடுக்கிறாய்.

ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. வாளைக் கீழே வைத்துவிட்டு, கேடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அவர் அடிப்பதைத் தடுத்துப் பார். பிறகு பாதி வேகத்தில் இருவரும் ஆடுங்கள். பாதி வேகம் என்றால் தடுப்பதும் பாதி வேகம்தான். அடியை மெதுவாகப் போட்டுவிட்டுத் தடுக்கும்போது மட்டும் சட்டென்று துள்ளினால் அந்தப் பயிற்சியில் பயன் இல்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. ஐ.33 என்று அழைப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய வாள் பயிற்சியைப் பற்றி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது அதுதான். ஒரு பாதிரியார் மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் சொல்லிக்கொடுக்கும் படங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கேடயம் நம்முடையதைவிட மிகச் சிறியது, கைப்பிடியில் பிடிப்பது. அதை அப்படியே நம் ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வாள் முன்னே போகிற இடத்துக்கெல்லாம் கேடயமும் போய், வாள் பிடித்த கையை மறைத்து நிற்கிறது. கடைசிப் பக்கங்களில் மாணவன் இருந்த இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளோடு நிற்கிறாள். மைதானத்தில் யாராவது உன்னைப் பார்த்து "இது பொண்ணுங்க ஆட்டம் இல்லை" என்றால் அவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டு. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறையும்.

கேடயத்தைச் சுற்றிப் போய் முதுகுத் தோளிலோ பின்தொடையிலோ படும் ராப் ஷாட்டை (wrap shot) இப்போதே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாய். கொஞ்ச நாள் பொறு. அந்த அடிக்கு மிக நெருங்க வேண்டும், கை முழுக்கச் சுற்றிவர வேண்டும். கேடயம் நிற்காத ஒருவர் அதை முயன்றால் ஆட்டக் கணக்கில் இரண்டு பேருமே செத்துத்தான் விழுவார்கள். தவிர, கொஞ்சம் தவறினாலும் தலையில் படும்.

மண்டியிட்ட எதிராளியிடம் அவசரப்படாதே. உட்கார்ந்தவருக்குக் கேடயம் ஏறக்குறைய முழு உடம்பையும் மறைக்கிறது. நேராகப் போய் மோதினால் உன் கால் அவருக்குச் சுலபமான இரை. எட்டாத தூரத்தில் சுற்று. முழங்காலில் திரும்புவது கஷ்டம், திரும்பும்போது ஒரு தோள் கட்டாயம் தெரியும். அப்போது உள்ளே போ, அடித்ததும் வெளியே வா.

இடதுகைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுடைய வாள் உன் வாள் பக்கத்தில் இருக்கும், அதாவது உன் திறந்த பக்கத்தில். கேடயத்தின் வலது விளிம்பை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவா. உன் வாளை நுனி மேலே இருக்க, தோளுக்கு முன்னால் வை. அங்கே அதுதான் உன் இரண்டாவது கேடயம். இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் பெரிய ஆயுதத்தோடு (நம் ஆட்டத்தில் அதற்குச் சிவப்பு ஆயுதம் என்று பெயர்) ஒருவர் வந்தால் இதெல்லாம் மாறிவிடும். அவருடைய பலமான இரண்டு அடியில் உன் கேடயம் உடைந்ததாகக் கணக்கு. தூரத்தில் நின்று தடுத்துக்கொண்டிருக்காதே. முதல் அடியை வாங்கியதும் உள்ளே ஓடு. கிட்டே போனால் அந்த நீள ஆயுதம் அவருக்கே பாரம்.

உன்னிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, பட்ட அடியை நீ மறைக்காமல் சொல்வது. நம் ஆட்டத்தில் பட்டவர்தான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் வந்து உன் விலாவைத் தொட்டுப் பார்க்க மாட்டார். தோற்கும் நாட்களிலும் நீ தயங்காமல், அடிபட்ட கையை இழந்ததற்கு அடையாளமாக முதுகுக்குப் பின்னால் வைக்கிறாய். அதை விட்டுவிடாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா. முதல் அரை மணி நேரம் நீ ஜெயிக்க முயல வேண்டாம். நான் உன் இடது கை முட்டியை மட்டும் பார்க்கிறேன், அது நகரும்போதெல்லாம் சத்தம் கொடுக்கிறேன். வருவதற்கு முன்னால் கேடயத்தின் முன்கைப் பட்டையை ஒரு துளை இறுக்கிவிடு. அது தளர்ந்து ஆடுவது வீடியோவிலேயே தெரிகிறது.

அன்புடன்,
அக்கா