"இவ்ளோதானா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்,

நவம்பர் அமாவாசையை ஒட்டி வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி 8:30 மணிக்கு நம்ம ஸ்கூல் கிரவுண்ட்ல வானம் பார்க்கப் போறோம்னு பிள்ளைங்க ஏற்கனவே வீட்ல சொல்லியிருப்பாங்க, விஷயம் என்னன்னா தெற்கு வானத்துல சிற்பி கேலக்ஸின்னு ஒண்ணு இருக்கு, கேலக்ஸின்னா கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த பெரிய கூட்டம், வானியல் பட்டியல்ல இதுக்கு என்ஜிசி 253ன்னு நம்பர், பைனாகுலர்லயே தெரியும், அதைத்தான் பார்க்கப் போறோம்.

போன தடவை நடந்ததை மறைக்காம சொல்லிடுறேன். டெலஸ்கோப்ல எட்டிப் பார்த்த ஒரு அப்பா "இதுக்கா சார் தூக்கத்தை கெடுத்தீங்க"ன்னு கேட்டாரு, பின்னாடி வரிசையில நின்ன பிள்ளைங்க முகமெல்லாம் பார்க்குறதுக்கு முன்னாடியே வாடிப்போச்சு. தப்பு என்னோடதுதான். நோட்டீஸ்ல கலர் கலரா போட்டோ போட்டுட்டேன். அந்த மாதிரி போட்டோவெல்லாம் கேமரா மணிக்கணக்கா வெளிச்சத்தை சேர்த்து வெச்சு எடுக்குறது, நம்ம கண்ணால அப்படி சேர்க்க முடியாது, அதோட மங்கலான வெளிச்சத்துல கண்ணுக்கு கலரும் தெரியாது. அதனால இந்த தடவை முன்கூட்டியே சொல்றேன், நீங்க பார்க்கப் போறது நீளவாக்குல சாம்பல் பூசுன மாதிரி ஒரு தீற்றல், அவ்வளவுதான். ஆனா அந்த தீற்றலோட நீளம் கிட்டத்தட்ட முழு நிலா அகலம் இருக்கும். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி சுமார் 1 கோடியே 10 லட்சம் வருஷம் ஆச்சு. இதையே பக்கத்து கேலக்ஸின்னுதான் சொல்றாங்க!

இதை முதல்ல கண்டுபிடிச்சது கரோலின் ஹெர்ஷல்ங்கிற வானியலாளர், 1783 செப்டம்பர்ல, இங்கிலாந்துல. சின்ன வயசுல டைபஸ் காய்ச்சல் வந்து வளர்த்தி நின்னுபோய் நாலேகால் அடி உயரம்தான் இருந்த அம்மா, அண்ணன் வில்லியம் செஞ்சு கொடுத்த சின்ன டெலஸ்கோப்பை வெச்சுக்கிட்டு வால்நட்சத்திரம் தேடும்போது கண்ல பட்டது. அங்கிருந்து பார்த்தா இது தொடுவானத்தை விட்டு ரொம்ப மேல வராது, அப்படியும் விடாம பிடிச்சிருக்காங்க. நமக்கு நல்லா மேலேயே வருது, அப்புறம் என்ன.

தேடுறது எப்படின்னா, தெற்குப் பக்கம் டிஃப்டான்னு ஒரு நட்சத்திரம் தனியா பளிச்சுன்னு நிக்கும், கையை நீட்டி முஷ்டியை மடக்குனா வர்ற அகலத்துக்கு கொஞ்சம் கம்மியா அதுக்கு கீழே இறங்கணும். பக்கத்துலயே உருண்டையா இன்னொரு மங்கல் இருக்கு, என்ஜிசி 288, 1785ல அண்ணன்காரர் கண்டுபிடிச்சது. அது நாம இருக்குற கேலக்ஸியான பால்வீதியைச் சேர்ந்த நட்சத்திரக் கூட்டம், சுமார் 30 ஆயிரம் ஒளியாண்டு தூரம்தான், அதாவது வெளிச்சம் வந்து சேர 30 ஆயிரம் வருஷம். ரெண்டும் ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள்ள வரும், ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்கு, இன்னொண்ணு ஊர் தாண்டி எங்கேயோ இருக்கு, எனக்கு இந்த ஜோடிதான் ரொம்ப பிடிக்கும். பால்வீதி ஒரு தட்டு மாதிரி இருக்கு, அந்தப் பக்கம் நாம தட்டுக்கு நேர் செங்குத்தா வெளிய பார்க்குறோம், அதனால நடுவுல மறைக்கிற தூசி ரொம்ப கம்மி.

கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், யாராவது ஒருத்தர் போனைத் திறந்தா மறுபடியும் முதல்ல இருந்து, அதனால போனை பாக்கெட்லயே வெச்சுடுங்க, டார்ச் கொண்டுவந்தா சிவப்பு கண்ணாடிப் பேப்பர் சுத்திக் கொண்டுவாங்க. நேரா உத்துப் பார்த்தா மறைஞ்சுடும், ஓரக்கண்ணால பார்த்தா தெரியும். கிளாஸ்ல ஓரக்கண்ணால பார்த்தா திட்டுற நானே அன்னிக்கு அப்படிப் பாருங்கன்னு கெஞ்சப் போறேன், பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

மழை மேகம் இருந்தா அடுத்த நாளுக்குத் தள்ளி வெச்சுக்கலாம். வர்றவங்க புதன்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. விரிக்க ஒரு பாய், ஒரு பென்சில், ஒரு வெள்ளைப் பேப்பர் கொடுத்தனுப்புங்க, பார்த்ததை அங்கேயே வரையச் சொல்லப் போறோம். பேப்பர்ல வெறும் ஒரு தேய்ச்ச கோடு மட்டும்தான் இருந்தா அது சரியான படம், வீட்ல உட்கார்ந்து அழகா சுருள் போட்டு திருத்திக் கொடுத்துடாதீங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்