துணைக்கு ஆள் கூட்டி வர வேண்டுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பொது இடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாய்தளம், கைப்பிடி, அகலக் கதவு, பிரெய்ல் பலகை என்று எல்லாம் விவரமாக இருந்தது. சந்தோஷம். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: 'பேசுவதில் சிரமம் உள்ளவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வருவது நல்லது.' சக்கர நாற்காலியில் வருபவரிடம், 'தூக்கிக்கொண்டு போக நாலு பேரைக் கூட்டி வாருங்கள்' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பாரா?

நான் சிறு வயதிலிருந்தே திக்குவாய்க்காரன். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் என் கட்சி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்டோபர் 22, திக்குவாய் விழிப்புணர்வு நாள் என்று பெட்டிச் செய்தியெல்லாம் போடுகிறீர்களே!

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வருகிறதாம். அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது, வார்த்தைதான் அகப்படுவதில்லை. நீங்கள் சொன்ன அந்தத் துணையாக, அவளோடு மருத்துவமனைக்குப் போனவன் நான்தான்! டாக்டர் அவளைத் தாண்டி என்னிடம், "இவங்களுக்கு எங்க வலி?" என்றார். வலி யாருக்கு, கேள்வி யாருக்கு பாருங்கள். நான் 'தோ... தோ...' என்று ஆரம்பித்ததும், கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று நர்ஸிடம் விசாரித்தார். அக்கா என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, சீட்டின் பின்பக்கம் இடது கையால் கோணல்மாணலாக ஓர் ஆள் வரைந்து, தோளில் பெருக்கல் குறி போட்டு நீட்டினாள். உடம்புப் படம் ஒன்று மேஜையில் இருந்திருந்தால் அந்தக் கூத்தே வேண்டியதில்லை.

வங்கிக்குப் போன் செய்தால் இயந்திரக் குரல் பெயரைச் சொல்லச் சொல்கிறது. முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள், 'உங்கள் பதில் புரியவில்லை, நன்றி.' மனிதர்கள் தேவலையா என்றால், என் வாக்கியத்தை அவர்களே முடித்து வைக்கிறார்கள், அதுவும் தப்பாக. வாசலில் காவலர் கேட்டுப் பெயர் சொல்லத் தடுமாறினால், குடித்திருக்கிறேனோ என்று ஒரு பார்வை.

2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, எழுத்து, எளிய நடை, பேச்சுக்கு மாற்றான வழிகள் எல்லாமே தகவல்தொடர்புதான் என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு யார் சொல்வது? கேள்வியைச் சின்னதாகக் கேட்டு, ஆம் இல்லை என்று தலையாட்ட வழி கொடுத்து, எழுத ஒரு தாளும் நீட்டி, பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் முடிவதில்லை.

போகட்டும். ஒரு சின்ன வேண்டுகோள். நான் வீடு மாறிவிட்டேன். முகவரி மாற்றத்தைத் தொலைபேசியில் மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் சந்தாப் பிரிவு இதழ்தோறும் அச்சடிக்கிறது. செய்தேன். 'லைன் சரியில்லை சார்' என்று வைத்துவிட்டார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ ஏற்றுக்கொள்ளக் கூடாதா? அதுவரைக்கும், புது முகவரியை இந்தக் கடிதத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பிரிவில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்