பின்கேட் ரோடு பத்தி பேச ஞாயித்துக்கிழமை வாங்க

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலைல 7 மணிக்கு கேம்பஸ் பின்கேட் டீக்கடைகிட்ட கூடுறோம், முதல்ல ஹாஸ்டல் சுவர் ஓரமா ஒரு ரவுண்டு நடந்துட்டு அப்புறம் உக்காந்து பேசலாம். கேம்பஸ் பிளான் மேப் பாத்தீங்கல்ல, சுவருக்கு உள்ள மட்டும் பச்சை, மஞ்சள்னு கலர் இருக்கு, நம்ம தெருவெல்லாம் வெறும் வெள்ளை! அந்த மூணாவது கம்பத்துல லைட்டு இல்லாம பொண்ணுங்க போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு, உடைஞ்ச டிரெய்னேஜ் ஸ்லாப தாண்டி தாண்டி வர்றாங்க.

அமெரிக்காவுல பிலடெல்பியால பென்சில்வேனியா யுனிவர்சிட்டி 90கள்ல என்ன பண்ணாங்கன்னா, ஜூடித் ரோடின் தலைவரா இருந்தப்போ, சுத்தி இருக்கற வீட்டுக்காரங்க வாசல்ல லைட்டு போட்டா செலவுல ஒரு பங்கு நாங்க தர்றோம்னு சொல்லி தெருத்தெருவா வெளிச்சம் கொண்டுவந்தாங்க, மரம் நட்டாங்க, 2001ல பக்கத்துல ஒரு அரசு ஸ்கூல் தொறக்கவும் உதவி பண்ணாங்க. ஆனா அந்த ஸ்கூல் ஏரியால வீட்டு விலை எகிறிடுச்சு, அதயும் சொல்லணும்ல. அதுக்கும் முன்னாடி 1960கள்ல அங்க பிளாக் பாட்டம்னு கறுப்பின மக்கள் இருந்த ஏரியாவயே நகர சீரமைப்புங்கற பேர்ல இடிச்சு காலி பண்ணாங்க, அந்தக் கோபம் இன்னும் போகல.

அதனால வாடகைக்கு இருக்கறவங்க, ஜெராக்ஸ் கடைக்காரர், இட்லி அக்கா எல்லாரும் கண்டிப்பா வரணும், வீட்டு ஓனருங்க மட்டும் பேசி முடிச்சிடக்கூடாது. மேப் பிரிண்ட் நான் கொண்டு வர்றேன், ஸ்கெட்ச் பேனா யாராவது எடுத்துட்டு வாங்க. வர்றவங்க இங்கயே ஒரு தம்ஸ்அப் போடுங்க, குட்மார்னிங் படம் வேணாம் ப்ளீஸ் 🙏