பட்டியலில் இல்லாத லென்ஸ்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றதற்கு இரண்டு வரி, மூட்டுவலிக்கு ஒரு வரி, மீதிப் பக்கங்கள் முழுவதும் கேமரா! நெய்வேலியில் இத்தனை வருடம் ஷிஃப்டுக்காக விடியற்காலையில் எழுந்தவன், இனிமேல் பறவைகளுக்காக எழப் போகிறேன் என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஓய்வுப் பணத்திலிருந்து ஒன்றரை லட்சத்தைக் கேமராவுக்கு ஒதுக்கத் தங்கை ஒப்புக்கொண்டாள் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. அவள் மனம் மாறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்திருக்கிறது; வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்காள் மகன் முன்பு சொன்னபடியே வேலையை விட்டுவிட்டுத் திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்கிவிட்டான். முகூர்த்த நாள் என்றால் திருவந்திபுரத்தில்தான் கிடக்கிறான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், உன் விஷயத்துக்கும் அவனுக்கும் தொடர்பு உண்டு.

உன் பட்டியலைப் பார்த்தேன். சோனி, கேனான், நிக்கான், ஃபியூஜி என்று கடை விளம்பரம் போல நீண்டுகொண்டே போகிறது. அத்தனையும் பாடிகள், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராக்கள். ஒரு லென்ஸின் பெயர்கூட அதில் இல்லை. அதைவிட வியப்பு, உன் அலமாரியில் கிடப்பதை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த நிக்கான் டி7000 பழசாகிவிட்டது, சரி; 2010-இல் வந்த கேமரா. ஆனால் அதோடு வாங்கிய, தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-300 எம்எம் லென்ஸும் 50 எம்எம் லென்ஸும் எங்கே போயின? விற்றுவிட்டாயா? விற்றிருந்தால் முதலில் என்னிடம்தான் புலம்பியிருப்பாய். ஆகவே இருக்கின்றன என்றே வைத்துக்கொள்கிறேன்.

கடையில் விலை கேட்பதற்கு முன் ஒரு வேலை செய். இரண்டு லென்ஸையும் எடுத்து, பின்மூடியைக் கழற்றி, செல்பேசி டார்ச்சை ஒருபக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார். உள்ளே நூலாம்படை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது, சுத்தம் செய்யவும் கொடுக்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் அந்த லென்ஸின் கதை முடிந்தது. அதைப் புதிய லென்ஸோடு ஒரே பையில் வைக்கவே வைக்காதே.

லென்ஸ்கள் தெளிவாக இருந்தால் உன் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம். மவுன்ட் என்பது லென்ஸ் மாட்டும் வளையம். நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில், லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் இடைவெளி. காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிட, மேலும் கீழுமாக ஏறி இறங்கும் மிரருக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. மிரரை எடுத்துவிட்ட புதிய இசட் மவுன்ட்டில் அது 16 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. குறைந்த 30.5 மில்லிமீட்டரை நிரப்பும் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர். உள்ளே லென்ஸ் எதுவும் இல்லாததால் படத்தின் கூர்மை குறைய வழியில்லை. உன் 70-300 ஏஎஃப்-எஸ் வகை. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஆட்டோஃபோகஸ், நடுக்கம் தடுக்கும் விஆர் இரண்டும் வேலை செய்யும். 50 எம்எம் பழைய டி வகை. அதை டி7000-இன் பாடியில் இருந்த மோட்டார்தான் திருகிக்கொண்டிருந்தது. அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை என்பதால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பயப்படாதே, மிரர் இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராக்களில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் ஆன விளிம்புகளுக்குச் சிவப்பு நிறம் பூசிக் காட்டச் சொல்லலாம். வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

வ்யூஃபைண்டர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சங்கதி. எடுத்த படத்தைப் பின்னால் உள்ள திரையில் பார்க்கப் படிக்கும் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. வ்யூஃபைண்டரை உன் பார்வைக்கு ஏற்ப ஒருமுறை திருகி வைத்துக்கொண்டால், கண்ணை எடுக்காமல் அதற்குள்ளேயே படத்தைப் பார்த்துவிடலாம். உச்சி வெயிலில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கும்போது இதன் அருமை தெரியும். எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. இளைஞர்களுக்கு மட்டுமே கேமரா விற்பதாக நினைக்கிறார்கள் போலும்.

இனி பாடி. நிக்கானிலேயே நின்றால் உன் பணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, 2020-இல் வந்த இசட்5; ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார். இன்னொன்று, 2024 நவம்பரில் அறிவித்த இசட்50-இன் இரண்டாம் பதிப்பு (இனி இசட்50 என்று எழுதுவதெல்லாம் இதைத்தான்). அதில் உன் டி7000 போலவே ஏபிஎஸ்-சி என்னும் சிறிய அளவு சென்சார். இசட்5 ஆசை காட்டும். பாடியிலேயே நடுக்கத் தடுப்பு, இரண்டு கார்டு போடும் வசதி, உன் பழைய பேட்டரிகூடப் பொருந்தும். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். பெருமாள் ஏரியிலும் வீராணத்திலும் கரையில் நின்று எடுக்கப் போகிறவன் நீ. ஏபிஎஸ்-சி சென்சாரில் 300 எம்எம் லென்ஸ், 450 எம்எம் அளவுக்கு நெருங்கிக் காட்டும். ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கத்துக்குப் படத்தை வெட்டினால் சுமார் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். இசட்50-இல் முழுசாக 20.9. தவிர, அதில் பறவையை அடையாளம் கண்டு பின்தொடரும் ஃபோகஸ் முறை தனியாகவே இருக்கிறது. ஏரி நடுவே மிதக்கும் நாமக்கோழி அப்போதும் புள்ளியாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். கரையோரம் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் தலைக்கு மேல் பறக்கும் கூழைக்கடாவுக்கும் தாராளமாகப் போதும். 180-600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அது ஒன்றே உன் பணத்தை முழுவதும் விழுங்கிவிடும். பிறகு கேமரா இல்லாமல் லென்ஸை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கலாம்.

இங்கேதான் என் அக்காள் மகன் வருகிறான். அவனிடம் ஃபுல் ஃபிரேம் இருக்கிறது, இரண்டு கார்டு இருக்கிறது, அவன் சொல்வதைக் கேட்டு நீயும் அதையே பட்டியலில் எழுதியிருக்கிறாய். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கார்டு செத்துப்போனால் அவன் பிழைப்பே போய்விடும். அதனால் ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாக வேண்டும். அவன் போட்ட பணம் இரண்டு முகூர்த்த மாதத்தில் திரும்பி வரும். உனக்கு வரப்போவது நாரை. நாரை பணம் கொடுப்பதில்லை.

என் கணக்கு இப்படி. இசட்50 பாடியும் அதோடு சேர்த்தே விற்கும் 16-50 கிட் லென்ஸும் சேர்த்துத் தொண்ணூறாயிரம் அளவில் வை. அடாப்டருக்கு இருபதாயிரம். சில்லறைச் சாமான்களுக்குப் பதினைந்தாயிரம். மீதி இருபத்தைந்தாயிரத்தைத் தொடாதே. விலை பண்டிகைக்குப் பண்டிகை மாறும், ஆகவே இதை வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்.

சில்லறை என்று சொன்னாலும் பலர் சறுக்கும் இடம் அதுதான். உன் டி7000 ஒரு சார்ஜில் 1050 படம் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மிரர்லெஸ்ஸில் சென்சாரும் வ்யூஃபைண்டர் திரையும் எப்போதும் விழித்தே இருப்பதால் சிறிய பாடிகளில் அது முந்நூறு சொச்சத்துக்கும் கீழே இறங்கிவிடும். கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம். கார்டில் வி30 என்று போட்டிருக்கிறதா என்று பார். விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். படங்களைச் சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை அண்டாது. மின்சாரத்தில் ஓடி ஈரத்தைப் போக்கும் ட்ரை கேபினட் அழகாக இருக்கும்தான். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது ஊரே இருண்டு கிடந்தது. டப்பாவுக்கு மின்வாரியத்தின் தயவு தேவையில்லை. இன்னொன்று, கடற்கரையில் லென்ஸை மாற்றாதே. மிரர் இல்லாததால் சென்சார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மணலும் உப்பும் நேரே உள்ளே போகும்.

அந்த இருபத்தைந்தாயிரம் எதற்கு என்று கேட்பாய். பேத்தியின் நடன அரங்கேற்றத்துக்கு. கிட் லென்ஸை நீட்டினால் மண்டப வெளிச்சத்துக்குத் துளை போதாது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 50 எம்எம்-இல் கிட் லென்ஸின் எஃப் 6.3-ஐவிட எஃப் 1.8 கிட்டத்தட்டப் பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் எந்த எம்எம் லென்ஸ் வேண்டும் என்பது உனக்கு இப்போது தெரியாது, எனக்கும் தெரியாது. சில மாதம் கிட் லென்ஸில் வீட்டு விசேஷங்களை எடு. பிறகு படங்களின் தகவலில் எந்த எம்எம் அதிகம் வருகிறது என்று பார். 30-ஐ ஒட்டி வந்தால் சிக்மாவின் 30 எம்எம் எஃப் 1.4, 50-லேயே முட்டிக்கொண்டு நின்றால் அதே நிறுவனத்தின் 56 எம்எம். இரண்டும் இசட் மவுன்ட்டுக்கு 2023 முதல் கிடைக்கின்றன. அதுவரை உன் பழைய 50-ஐக் கையால் திருகு. மண்டபத்தில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் சில எல்இடி விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால்.

பில் இல்லாமல் பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து, 2019 ஜனவரியிலிருந்து 18 ஆனது. அந்த 18-ஐ ஏய்த்து வரும் சரக்குக்கு இந்திய வாரண்டி கிடையாது. ஒருமுறை சர்வீஸ் சென்டர் படியேறினால் மிச்சம் பிடித்த பத்தாயிரமும் அங்கேயே போய்விடும்.

பூஞ்சை பிடித்து இரண்டு லென்ஸும் போய்விட்டன என்றால் மேலே எழுதிய கணக்கு முழுவதும் செல்லாது. அடாப்டர் பணம் மிச்சம், நிக்கானில் ஒட்டிக்கொண்டிருக்கக் காரணமும் இல்லை. அப்போது சோனி ஏ6400-ஐயும் கேனான் ஆர்10-ஐயும் எடுத்துப் பேசலாம். சோனிக்கு மற்ற நிறுவனங்களின் லென்ஸ் ஏராளம். கேனானும் 2024 முதல் சிக்மாவையும் டாம்ரானையும் தன் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கு லென்ஸ் செய்ய விட்டிருக்கிறது.

டார்ச் வைத்துப் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பு. அடுத்த வாரம் ஏதாவது ஒரு வேலை நாளில் கிளம்பி வா; ஞாயிறு வேண்டாம், சண்டே மார்க்கெட் கூட்டத்தில் காந்தி வீதியைத் தாண்டவே முடியாது. வரும்போது 70-300-ஐக் கையோடு கொண்டுவா. கடையில் அடாப்டரை மாட்டி, வாசலில் நின்று சாலையில் போகும் வண்டிகளைக் குறிபார்த்து, ஃபோகஸ் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். தங்கையையும் அழைத்து வா, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மூட்டுவலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா இல்லையா என்று அந்த ஒரு வரியில் நீ சொல்லவே இல்லை. அதை அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்