மறதி நோய்ப் பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, உலக அல்சைமர் நாளான செப்டம்பர் 21 அன்று விளக்கக் கூட்டம் வைத்தோம், புதிய குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. விவரமெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்: வீட்டுப் பெரியவரிடம் எந்த மாற்றம் வந்தாலும் அதை மறதி நோயின் தலையில் போட்டுவிடுகிறோம்.

மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் மெதுவாக நகரும் நோய். மூளையில் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் சேர்வது அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே அடிபடுவதால்தான், தன் கல்யாணக் கதையை விடாமல் சொல்பவருக்குக் காலையில் சாப்பிட்டது நினைவில் இருப்பதில்லை. அப்புறம் பணக் கணக்கு, பழகிய வழி, உடுத்துவது, கடைசியில் விழுங்குவது என்று வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். ஆகவே இரண்டே நாளில் ஒருவர் ஆளே மாறிப்போனால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவரின் அம்மா, தன் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று பகலெல்லாம் தூங்கி வழிந்தார். இரவில் சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்லி அவர்களை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது. பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று. சிகிச்சைக்குப் பிறகு, சில வாரங்களில், மறுபடி தட்டைத் தானே இழுத்து வைத்துக்கொண்டார். மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, சொல்லத் தெரியாத பல்வலி, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், இவற்றில் எதுவும் இப்படிக் குழப்பத்தைக் கொண்டுவரலாம். என்ன மாத்திரை எப்போது தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அது டாக்டருக்குப் பெரிய உதவி.

நோயைக் கண்டறிவதிலும் இதே கதைதான். 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு, ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாம் மறதியாகத் தோன்றலாம், அவற்றுக்கு மருந்தும் உண்டு. காது சரியாகக் கேட்காதவரும் மறந்தவர் போலத் தெரியலாம். அதனால் ரத்தப் பரிசோதனை, நினைவுச் சோதனை, ஸ்கேன், கூட இருப்பவர் சொல்லும் விவரம், எல்லாம் சேர்ந்துதான் முடிவு. லெகானெமாப் போன்ற புதிய மருந்துகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். அவை ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கானவை, நோய் நகரும் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன, போன நினைவைத் திருப்பித் தருவதில்லை. இந்த மருந்தால் மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டோனெபெசில் மாதிரியான பழைய மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும்.

மாலையானால் 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்புபவர்களைப் பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். 'இதுதாம்மா உங்க வீடு' என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுப் பேச்சை வளர்ப்பது, பொழுது சாயும் முன்பே விளக்கைப் போடுவது, பசியா வலியா என்று பார்ப்பது, இவை பலருக்குக் கைகொடுத்தன.

வருகிற ஆண்டு பராமரிப்பவருக்கு வாரத்தில் ஒரு மதியமாவது ஓய்வு கிடைக்க, உறுப்பினர்கள் முறை வைத்து மாறி மாறிப் போய் உடன் இருக்கும் ஏற்பாட்டைச் செயற்குழு தொடங்குகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள், நன்றாக இருப்பவர்களும் தூங்காமல் எத்தனை நாள் தாங்குவார்கள்? முறைக்கு வர முடிந்தவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்