ஃபிளைபாரைக் கழற்றப் போகும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

உங்கள் ரிமோட் மாடல் ஹெலிகாப்டர் டீ-ரெக்ஸ் 450க்கு அலுமினிய ரோட்டர் ஹெட், அதாவது இறக்கைகளைப் பூட்டும் தலைப்பகுதி, வாங்கப் போவதாக அத்தை சொன்னார். தாராளமாக வாங்குங்கள். இத்தனை வருஷம் லேத்தில் நின்ற கைக்கு அதைப் பூட்டுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருப்பது ஃபிளைபார் இல்லாத ஹெட். பழைய ஹெட்டைக் கழற்றி இதை மட்டும் மாட்டினால் ஹெலிகாப்டரைப் பிடித்து நிறுத்த முடியாது. உங்களைப் போலவே யோசிப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஹெட்டில் குறுக்காக ஒரு கம்பி, அதன் இரு நுனியிலும் சின்னத் துடுப்பு இருக்கிறதே, அதுதான் ஃபிளைபார். பெல் 47 என்ற நிஜ ஹெலிகாப்டரில் ஆர்தர் யங் எடை கட்டிய கம்பி வைத்தார். ஸ்டான்லி ஹில்லர் தன் ஹெலிகாப்டரில் துடுப்பு வைத்தார். மாடல்காரர்கள் இரண்டையும் கலந்துகொண்டார்கள். காற்றடித்து உடம்பு சாய்ந்தாலும் கம்பி தன் போக்கில் பழைய தளத்திலேயே சுற்றும்; அந்த வித்தியாசமே லிங்க் வழியாக இறக்கையின் கோணத்தைத் திருத்திவிடும். சென்சார் கிடையாது, புரோகிராம் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அதைக் கழற்றினால் அந்த வேலையை மூன்று அச்சு கைரோ, அதாவது சாய்வை உணர்ந்து திருத்தும் மின்னணுப் பெட்டி, செய்ய வேண்டும். மைக்ரோபீஸ்ட், வீபார் எல்லாம் அந்த வகைதான். அப்புறம் சர்வோ, இறக்கையின் கோணத்தைத் திருப்பும் குட்டி மோட்டார். இதுவரை இறக்கையைத் திருப்பும் பாரத்தில் ஒரு பங்கைத் துடுப்புகள் தாங்கின. இனி முழுக்க மூன்று சர்வோக்கள் தலையில். அவற்றின் கியர் பிளாஸ்டிக் பல் என்றால் சீக்கிரம் மழுங்கிவிடும். வேகமான, உலோகப் பல் வைத்த டிஜிட்டல் சர்வோ வேண்டும். அவை இழுக்கும் கரண்ட்டை, சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுக்கும் உங்கள் பிஈசி தாங்குமா என்றும் பாருங்கள். நடுவானில் வோல்ட்டேஜ் இறங்கினால் ரிசீவரே அணைந்துவிடலாம். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் கைரோவும் சர்வோவும் வாங்குங்கள். ஹெட் பிறகு வரட்டும்.

உலோகம் என்றால் உடையாது என்று அத்தையிடம் சொன்னீர்களாம். கீழே விழும்போது இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிரிப் உடைந்து அடியைத் தன்னோடு முடித்துக்கொள்ளும். அலுமினியம் உடையாமல் அடியை, இரண்டு கிரிப்பையும் கோக்கும் கம்பியான ஸ்பிண்டிலுக்கும் மெயின் ஷாஃப்டுக்கும் கியருக்கும் அனுப்பிவிடும். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே ஸ்பிண்டில் வளைந்திருக்கும். ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் அதைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நல்ல ஹெட்டின் உண்மையான லாபம் ஆட்டம் இல்லாத பொருத்தமும் தரமான பேரிங்கும்தான்.

பேரிங் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 30 கிராம் இறக்கை, அதன் எடைமையம் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 40 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவான பாரம், ஸ்பிண்டில் நுனியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவில் தொங்குகிறது. அதைத் தாங்கத்தான் கிரிப்புக்குள் த்ரஸ்ட் பேரிங். அதன் இரண்டு வளையங்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஓட்டை அளவு மட்டும் மயிரிழை வேறுபடும். வெர்னியரில் அளந்துவிடுங்கள். பெரிய ஓட்டை உள்ளே, ஹெட் பக்கம். சின்னது வெளியே, ஸ்க்ரூ பக்கம். உள் வளையம் கிரிப்போடு திரும்புவது, ஸ்பிண்டிலை உரசக்கூடாது. மாற்றிப் போட்டால் கையால் சுற்றும்போது எல்லாம் சரியாகவே தோன்றும், ஓடும்போது இறுகித் தேய்ந்துவிடும். முதலில் கிரீஸ். ஸ்க்ரூவின் மரையை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி, அது பேரிங் பக்கம் வழியாமல்.

ஸ்பிண்டிலைத் தாங்கும் டேம்பர் ரப்பர்களை மிதமான கடினத்தில் எடுங்கள், நீங்கள் குட்டிக்கரணம் அடிக்கப் போவதில்லை. ஹெட்டோடு ஸ்வாஷ்பிளேட்டை (சர்வோக்கள் சாய்த்து இறக்கையைத் திருப்பும் தட்டு) சுழற்றும் டிரைவர் ஆர்ம் வருகிறதா, உங்கள் 5 மி.மீ. ஷாஃப்டின் நீளமும் ஓட்டையும் ஒத்துப்போகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டப்பில் ஒரே ஒரு சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து மூக்கைக் கீழே சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய வேண்டும். இடது வலமும் அப்படியே, சாய்வுக்கு எதிர்ப்பக்கம். சாய்ந்த பக்கமே அதுவும் சாய்ந்தால் கைரோ திசை தலைகீழ். எடுத்த எடுப்பில் புரண்டுவிடும்.

முதல் தடவை சுற்றவிடும்போது பேத்தி வீட்டுக்குள் இருக்கட்டும். 2013ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் இளைஞர் தன் மாடல் ஹெலிகாப்டர் பட்டே இறந்துபோனார். உங்களுடையது சின்னதுதான், ஆனாலும் இறக்கையின் தளத்துக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம், நீங்களும்தான்.

இப்போது இருக்கும் சர்வோக்களின் மேல் என்ன மாடல் நம்பர் போட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவையே போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஆர்டர் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்