1968 அம்பாசிடருக்குப் போட்ட இன்ஜெக்‌ஷன்: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோயம்புத்தூர்.

பொருள்: பியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்தியதில் குறைபாடு, கழற்றிய கார்புரேட்டரைத் திருப்பித் தராதது.

அய்யா,

வணக்கம். என் அப்பா வாங்கிய மார்க் 2 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் வண்டி, உங்கள் பட்டறைக்குத் தானாக ஓடி வந்தது. இப்போது பொள்ளாச்சியில் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஸ்டார்ட் செய்யவே பயந்து நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நான் உங்களிடம் வந்த காரணம் உங்கள் ஜாப் கார்டிலேயே இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு வண்டி காலை நேரத்தில் வெட்டி வெட்டிப் போனது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கிலேயே விட்டால் காற்று-பெட்ரோல் கலவை லீன் ஆகிவிடுகிறது, அதாவது பெட்ரோல் பங்கு போதாமல் போகிறது. வால்பாறை ஏறும்போது கதை நேர்மாறு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, கலவை ரிச் ஆகி (பெட்ரோல் பங்கு கூடி), பிளக் கரி பிடிக்கும். இதற்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரையே சரி செய்வதா, சென்சார் வைத்துப் பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதா என்றுதான் கேட்டேன். உங்கள் இன்ஜினியர் வண்டியின் பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. "கார்புரேட்டர் காலம் முடிஞ்சுதுங்க சார், இதைப் போட்டா புது வண்டி மாதிரி ஓடும்" என்று சொல்லி ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் நீட்டினார். பணம் முழுவதையும் கட்டிவிட்டேன்.

இன்ஜெக்‌ஷன் நல்ல தொழில்நுட்பம். சென்சார் சொல்லும் கணக்குப்படி மலையிலும் சமவெளியிலும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும், எத்தனாலையும் சமாளிக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வண்டியின் மற்ற பாகங்களும் ஈடுகொடுக்க வேண்டும். அதை நீங்கள் பார்க்கவே இல்லை.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய என் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோ. நல்ல வேகத்தில் போனால்தான் 22 ஆம்பியர் தரும், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் சார்ஜே ஏறாது. ஹெட்லைட், வைப்பர் ஓடும்போது எலக்ட்ரிக் பம்பும், பெட்ரோல் அளவைக் கணக்கிடும் கணினிப் பெட்டியான இ.சி.யு.வும் சேர்ந்து இழுத்தால் பேட்டரி எங்கே தாங்கும்? ராத்திரி டவுனுக்குள் சிக்னலில் நின்றால் லைட் மங்கி இன்ஜின் அணைந்துவிடுகிறது.

அடுத்தது பெட்ரோல் டேங்க். பழைய டேங்கை அப்படியே விட்டுவிட்டீர்கள். உள்ளே தடுப்புத் தகடு கிடையாது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் கார்புரேட்டர் வண்டிக்குத் தெரியாது. கார்புரேட்டரோடு இருக்கும் ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு தொட்டியின் பெட்ரோலே அந்த நேரத்தைச் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தக் கையிருப்பு இல்லை, பிரஷர் உடனே இறங்கிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. லோம்ஸ் வியூ காட்சிமுனை இருக்கும் ஒன்பதாம் வளைவைக்கூட எட்டவில்லை, வண்டி செத்துவிட்டது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. உள்ளே என் மனைவியும் பேரனும்.

அங்கேதான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் நின்றிருந்தது, சாவி ஆன் நிலையில் இருந்தது, பின்னால் பம்ப் ஊம்ம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி இ.சி.யு. வழியாக ரிலே கொடுக்காமல், நேராக இக்னிஷன் சுவிட்சில் வயர் இழுத்திருக்கிறீர்கள். ஹோஸ் முழுவதும் பெட்ரோல் வியர்த்து, கிளிப் அடியில் சொட்டு கட்டித் தொங்கியது. இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும், புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயான மேனிஃபோல்டுக்கு நேர் மேலே அந்தச் சொட்டு. பழைய மெக்கானிக்கல் பம்பின் பிரஷர் நான்கைந்து பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது, உங்கள் பம்ப் கொடுப்பது 40க்கு மேல். அதற்கு இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஆர்9 ஹோஸ் போட வேண்டிய இடத்தில் சாதா ரப்பர் ஹோஸைப் போட்டிருக்கிறீர்கள். என் குடும்பம் எரிந்திருக்கும் அய்யா. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்றைக்கே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: என் வண்டியில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் நீடிலை மாற்றினாலே கலவை மாறும். கொஞ்சம் ரிச்சான நீடில், புது ஜெட், தேய்ந்த ஸ்பிண்டிலுக்கு புஷ், எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டால் சில ஆயிரத்தில் முடியும், மலையில் மட்டும் சற்றுப் பொறுத்துப் போக வேண்டும். இன்ஜெக்‌ஷன்தான் வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டர், தடுப்பு வைத்த டேங்க், சரியான லைன் எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும். இரண்டையும் கேட்டிருந்தால் நான் முதலாவதைத்தான் எடுத்திருப்பேன்.

அந்தக் கார்புரேட்டர் எங்கே? கேட்டதற்கு "ஸ்கிராப்ல போயிருக்கும்" என்று பதில் வந்தது. பித்தளை மூடியைத் திறந்து டாஷ்பாட் என்ற அதன் மேல் குழாயில் எண்ணெய் விட அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த கார்புரேட்டர் அது. என் பொருளை என்னைக் கேட்காமல் தூக்கிப்போட உங்களுக்கு உரிமை கிடையாது.

கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். என் கார்புரேட்டர், மெக்கானிக்கல் பம்ப், ஏர் கிளீனர் மூன்றையும் தேடிக் கொண்டுவந்து, உங்கள் செலவில் பழையபடி பொருத்திக் கொடுக்க வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு வர மாட்டேன்; உங்கள் ஆள்தான் பொள்ளாச்சிக்கு வர வேண்டும். ஹோஸ், வயரிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பில் நகலுடன் இணைத்திருக்கிறேன். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இதே கிட்டை வேறு பழைய வண்டிகளுக்கும் போட்டிருந்தால், அந்த உரிமையாளர்களை இன்றைக்கே கூப்பிட்டு ஹோஸை மாற்றிக் கொடுங்கள். என் பணத்துக்குக்கூட நான் காத்திருப்பேன், அது காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.